பிளாட்டினத்துக்குப் போட்டியாகக் கரி!

கரி கையில் பட்டால் உடனே கழுவிக்கொள்கிறோம். அந்தக் கரி இன்று பிளாட்டினத்துக்குப் போட்டியாகக் கிளம்பி இருக்கிறது. இந்தப் போட்டியில் கரி வென்றால், புகை இல்லாத மின்சாரம் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்க வழி பிறக்கும்.

புகை இல்லாமல் மின்சாரம் தரும் கருவி ஒன்று உண்டு. "எரிபொருள் மின்கலம்" என்று அதற்குப் பெயர். அது புதியது அல்ல. வேல்ஸ் நாட்டில் பிறந்த வில்லியம் குரோவ் என்ற வக்கீல், 1839-ம் ஆண்டிலேயே அதன் அடிப்படையைக் கண்டு சொன்னார்.

இந்தக் கருவியில் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு, மறு பக்கம் பிராண வாயு. இரண்டும் சேர்ந்தால் மின்சாரம் பிறக்கும், மிஞ்சுவது தண்ணீர்தான். 1969-ல் சந்திரனுக்குப் போன "அப்போலோ-11" விண்கலத்துக்கு மின்சாரம் கொடுத்தது இதுவே. விண்வெளி வீரர்கள் குடித்ததும் அதில் உண்டான தண்ணீரைத்தான்!

தரகர் வேண்டும்

ஆனால், பிராண வாயு எளிதில் இணங்காது. இரு வீட்டாரையும் சேர்த்து வைக்கக் கல்யாணத் தரகர் இருப்பதுபோல, இங்கும் ஒரு தரகர் வேண்டும். அதற்கு "வினையூக்கி" என்று பெயர். அது காரியத்தை விரைவாக முடித்து வைக்கும். தான் அதில் கலந்துவிடாது.

இந்த வேலையில் கெட்டிக்காரன் பிளாட்டினம். ஆனால் விலையோ மிக அதிகம். உலகத்துக்குக் கிடைக்கும் பிளாட்டினத்தில் பெரும் பகுதி தென் ஆப்பிரிக்கா என்ற ஒரே நாட்டில் இருந்து வருகிறது.

இப்போதும் பிளாட்டினத் துகள்களைக் கரியின் மேல் பதித்துத்தான் பயன்படுத்துகிறார்கள். இதுவரை கரி வெறும் ஆசனம். இனி அதுவே ராஜாவாக முடியுமா?

கரியின் திறமை

முடியும் என்று 2009-ம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிகள் நம்பிக்கை ஊட்டின. அமெரிக்காவில் டேட்டன் சர்வகலாசாலையில் லிமிங் டாய் குழுவினர், மிக நுண்ணிய கரிக் குழாய்களில் நைட்ரஜனைச் சேர்த்தார்கள். காரக் கரைசலில் அவை பிளாட்டினத்தையே மிஞ்சின. கனடாவில் டோட்லே குழுவினர், கரியோடு நைட்ரஜனையும் சிறிதளவு இரும்பையும் சேர்த்து நல்ல பலன் கண்டார்கள்.

2017-ல் கனடாவின் பல்லார்ட் கம்பெனி, ஜப்பானின் நிஷின்போ கம்பெனி செய்த கரி வினையூக்கியைக் கொண்டு ஒரு சிறிய மின்கலத்தை அறிவித்தது. அதில் பிராண வாயுப் பக்கத்தில் பிளாட்டினம் இல்லை.

உழைக்க வேண்டும்

கரியிடம் ஒரு குறை இருக்கிறது. மோட்டார் வண்டிகளுக்கான மின்கலத்தின் உள்ளே அமிலச் சூழ்நிலை. அங்கே கரி நாளடைவில் அரிக்கப்படுகிறது. இரும்பும் கரைந்து வெளியேறுகிறது. பிளாட்டினமோ நீடித்து உழைக்கிறது. மலிவு என்று வாங்கிய செருப்பை மாதந்தோறும் மாற்றினால், அது மலிவா?

ஆகவே, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அரசாங்கங்களும் கம்பெனிகளும் "விலை என்ன?" என்று கேட்டால் மட்டும் போதாது. "எத்தனை ஆண்டு உழைக்கும்?" என்றும் கேட்க வேண்டும். அந்த விடை கிடைக்கும்வரை பொறுமையாகப் பணம் கொடுக்கவும் வேண்டும்.

இன்னொன்று. இன்று ஹைட்ரஜனில் பெரும் பகுதி நிலக்கரி, இயற்கை வாயு ஆகியவற்றில் இருந்தே எடுக்கப்படுகிறது. அங்கே கரியமில வாயு வெளியாகிறது. சூரிய சக்தியாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு, தண்ணீரில் இருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் இந்த மின்சாரம் உண்மையிலேயே சுத்தமானது.

மலிவும் வேண்டும், உழைப்பும் வேண்டும், சுத்தமும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கரியின் வெற்றி மக்களின் வெற்றி ஆகும்.