கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டாதீர்கள்!

கேள்வி: நெல்லும் உரமும் ஏற்றும் எங்கள் சிறிய சரக்கு வண்டியின் முன்பக்க இடது கதவு ஓங்கி அடித்தால்தான் பிடிக்கிறது. மேடுபள்ளத்தில் தானாகத் திறந்தும்கொள்கிறது. கயிற்றால் கட்டி ஓட்டுகிறோம். லாக்கை நாங்களே கழற்றலாமா?
- வாசகர், புவனகிரி.

பதில்: கழற்றலாம். ஆனால், முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். இடது பக்கம் உட்காருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். நம் பகுதியில் பாதிச் சாலைகள் வாய்க்கால் கரையில் போகின்றன. வண்டி தண்ணீரில் இறங்கினால், கட்டிய கதவு வழியாக யாரும் வெளியே வர முடியாது. சரிசெய்யும் வரை அந்த இருக்கையில் ஆளை ஏற்றாதீர்கள்.

பழுது எங்கே என்று முதலில் பாருங்கள். கதவைத் திறந்து வைத்து, அதன் ஓரத்தில் உள்ள கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளுங்கள். 'டக், டக்' என்று இரண்டு முறை விழ வேண்டும். முதல் சத்தம் அரைப்பூட்டு, இரண்டாவதுதான் முழுப்பூட்டு. இரண்டும் சரியாக விழுந்து நின்றால் லாக் நன்றாகவே இருக்கிறது. கீல் தொங்கியிருக்கும், அல்லது கதவுச் சட்டத்தில் உள்ள வளையம் தளர்ந்திருக்கும். கொக்கி நிற்காவிட்டால் லாக்கைக் கழற்றுங்கள்.

கழற்றும் முறை:

1. கண்ணாடியை முழுவதும் ஏற்றுங்கள். மின்சார லாக் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள்.

2. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, உள்கைப்பிடி ஆகியவற்றைக் கழற்றி, உள்பக்க அட்டையை ஓரத்திலிருந்து மெதுவாக நெம்புங்கள். பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள். மழைநீரைத் தடுப்பது அதுதான்.

3. லாக்கில் மாட்டியுள்ள கம்பிகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிளிப்பைத் திருப்பினால் கம்பி விடுபடும்.

4. கதவு ஓரத்தில் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூக்கள் இருக்கும். துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். ஸ்க்ரூ தலை தேய்ந்தால் வேலை இரட்டிப்பாகும். கடைசி ஸ்க்ரூவை எடுக்கும்போது லாக்கை உள்ளிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். தகட்டு விளிம்பு கையை அறுக்கும், கையுறை அவசியம்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து கிரீஸ் தடவிப் பாருங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ பல் தேய்ந்திருந்தாலோ புதிதுதான் போட வேண்டும். வெல்டிங் வைக்காதீர்கள். இடது, வலது லாக்குகள் வேறு வேறு. பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் வாங்குங்கள்.

மாட்டியதும் உடனே கதவைச் சாத்திவிடாதீர்கள். கொக்கியை மறுபடி ஸ்க்ரூ டிரைவரால் பூட்டி, உள்கைப்பிடி, வெளிக்கைப்பிடி இரண்டாலும் திறக்கிறதா என்று பாருங்கள். இதை விட்டுவிட்டுச் சாத்தி, திறக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

துரு ஏன் வந்தது? பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று ஒரு காரணம். உரம் இன்னொன்று. மியூரேட் ஆஃப் பொட்டாஷின் எடையில் ஏறத்தாழ பாதி குளோரைடு. அந்தத் தூசு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். உர மூட்டையை முன்பக்க கேபினில் வைக்காதீர்கள். உரம் ஏற்றிய அன்றே வண்டியைக் கழுவுங்கள். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை வைக்கோல் தூசு அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். சம்பா அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் லாக்குக்குக் கிரீஸ் வைத்தால் போதும்.