படிவத்தில் இன்னும் ஒரு கலம் வேண்டும்

"பிரஷர் நார்மல், சுகர் நார்மல், அப்புறம் எப்படி வாதம் அடிச்சுது?" ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, உடம்பு விசாரிக்கப் போகும் வீடுகளில் இந்தக் கேள்வி காதில் விழாத நாளில்லை. எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு இதற்கான பதில் மணிக்கட்டில் இருக்கிறது. அங்கே தொட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். அப்போது இடது மேலறையை ஒட்டியுள்ள சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1991-லேயே சொல்லிவிட்டது. வயது ஏற ஏற இது அதிகமாகிறது. படபடப்பு சிலருக்கு உண்டு, பலருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களும் 'வாயு' என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்களை ஆஸ்பத்திரியே தேடி வருகிறது. நல்ல திட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அன்று அறிவித்த பட்டியல் இது: ரத்த அழுத்தம், சர்க்கரை, வலி தணிக்கும் சிகிச்சை, இயன்முறைப் பயிற்சி, டயாலிசிஸ் பை. நாடி சீராக இருக்கிறதா என்று பார்ப்பது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. என் சண்டை அதோடுதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன். படிவத்தில் கலம் இல்லாத விஷயம் சர்க்காருக்கு இல்லாத விஷயம். கலம் இருந்தால் ஊழியர் கேட்பார், மேற்பார்வையாளர் நிரப்பினாரா என்று பார்ப்பார், மாதக் கடைசியில் கூட்டுத்தொகை மேலே போகும். கலம் இல்லையென்றால் எவ்வளவு நல்ல ஊழியரும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அது அவர் குற்றமில்லை.

"பி.பி. மெஷினே நாடியைக் காட்டுகிறதே" என்பார்கள். அது காட்டுவது எண்ணிக்கை. நிமிஷத்துக்கு 78 என்றால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த 78-ம் தாளம் தப்பித் தப்பி வந்திருக்கலாம். சில மெஷின்களில் சீரற்ற துடிப்புக்கு ஒரு அடையாளம் மின்னும். அதையும் ஒருவர் கவனித்து எழுதினால்தானே பிரயோஜனம்?

"இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா?" என்பார்கள். உண்டு. இங்கிலாந்தில் 50 மருத்துவ மையங்களில், 65 வயது தாண்டிய ஏறக்குறைய 15,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. வழக்கம்போல் விட்டுவிட்ட இடங்களில் வருஷத்துக்கு 100 பேரில் 1.04 பேரிடம் புதிதாக இந்தக் கோளாறு தெரிந்தது. நாடி பார்த்து, சந்தேகம் வந்தால் ஈ.சி.ஜி. எடுத்த இடங்களில் 1.64 பேர். எல்லோரையும் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுத்தபோதும் 1.62 பேர்தான். அதாவது இரண்டு விரல் செய்த வேலைக்கு மேல் மெஷின் கூடுதலாக ஒன்றும் செய்துவிடவில்லை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் டென்மார்க்கில் நெஞ்சில் சிறு கருவி பதித்துத் தேடியதில் 3 மடங்கு அதிகம் பேர் அகப்பட்டார்கள், ஆனால் பக்கவாதம் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. வந்த சுவடு தெரியாமல் போகும் துடிப்பையும் கருவி பிடித்துவிடுகிறது. விரலுக்கே தட்டுப்படும் அளவுக்கு நீடிப்பது வேறு சங்கதி. நான் கருவி கேட்கவில்லை, விரல் கேட்கிறேன்.

"கண்டுபிடித்து என்ன, மாத்திரை வாங்க ஏழைக்குக் கட்டுமா?" இதற்குப் பதில் நம் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, அதோடு இந்தத் துடிப்புக் கோளாறும் சேர்ந்தவர்கள் ஏழைப் பேட்டைகளில்தான் அதிகம். அப்படிப்பட்ட 4,500-க்கு மேற்பட்டவர்களை 24 நாடுகளில் வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டில்லி எய்ம்ஸ் டாக்டர் கணேசன் கார்த்திகேயன். 2022-ல் முடிவு வந்தது. புதிய ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் சாவு குறைவு. மலிவு மாத்திரையே ஜெயித்தது. ஆனால் அதற்கு அடிக்கடி ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை தேவை. அந்தப் பரிசோதனை திருவொற்றியூர்க்காரருக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் யார் அலைவார்கள்?

"தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டால் போச்சு" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011-ல் வந்த ஆய்வில் ஆஸ்பிரினோடு ஒப்பிட்டால் அபிக்சபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே. ஆஸ்பிரின் இந்த நோய்க்குக் காவல் இல்லை.

இதை வடசென்னைக்காரன் உரக்கச் சொல்லக் காரணம் உண்டு. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் அந்த நேரம் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். வந்தபின் ஓடுவதைவிட வராமல் தடுப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நாடிக்கு அந்த மொழியில் எழுத்து ஐந்து, வாயில் வருவது வெறும் 'பூ'. 'பூவைப் பிடித்துப் பார்' என்பார்கள். நம்முடைய 'நாடி பிடித்துப் பார்' அதே பேச்சுதான். இரண்டு ஊர்ப் பாட்டிகளும் அறிந்ததைப் படிவம் மட்டும் அறியவில்லை.

கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முழுதாக ஒரு நிமிஷம். தாளம் தப்பினால் ஈ.சி.ஜி., பிறகு டாக்டர். மாத்திரையைத் தானாக வாங்கக் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. சுகாதாரத் துறைக்கு என் மனு ஒரே வரி: "நாடி – சீர் / சீரற்றது" என்று ஒரு கலம் போடுங்கள். செலவு, அச்சு மை.