சுவரொட்டியின் அடியில் ஒரு பெயர்

கெலாங் பாத்தா என்றால் மலாய் மொழியில் உடைந்த வளையல் என்று பொருள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தென்மேற்கு மூலையில், நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் துவாஸ் தெரியும் தூரத்தில் இருக்கிறது ஊர். 2013 மே 5ஆம் தேதி இரவு நாடு முழுவதும் இந்தப் பெயரைத்தான் உச்சரித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஜொகூர் மந்திரி புசாராக (மாநில முதல்வராக) இருந்த அப்துல் கனி ஒத்மானை, ஈப்போ தீமோர் தொகுதியை விட்டுவிட்டு வந்து நின்ற எதிர்க்கட்சியின் லிம் கிட் சியாங் தோற்கடித்திருந்தார். லிம்முக்கு 54,284 வாக்குகள், கனிக்கு 39,522. பெரும்பான்மை 14,762. ஆளும் கட்சியான அம்னோ பிறந்த மாநிலத்தில், அதன் மந்திரி புசாரே வீழ்ந்தார்.

அதை இணையத்தின் வெற்றி என்று எழுதியவர்கள் பலர். அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பிரதமர் நஜிப், வரப்போவது நாட்டின் முதல் சமூக ஊடகத் தேர்தல் என்று சொல்லியிருந்தார். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, வாக்காளனின் காதுக்குச் செய்தி எந்த வழியாக வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக் காலத்தில் வழி ஒன்றுதான். தேர்தல் நெருங்கினால் கட்சிக்காரர்கள் லாரியில் வருவார்கள். தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் நடக்கும். யாருக்குப் போடுவது என்பதைத் தலைவர்மார் சொல்ல, லயத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பேச்சு போகும். நாளேடு வாங்கியவர் வாசித்துக் காட்டுவார். அந்த நாளேட்டுக்கும் கடிவாளம் இருந்தது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில், அரசு பலரைச் சிறைப்பிடித்த லாலாங் நடவடிக்கையின்போது, தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அப்போது சிறை சென்றவர்களில் லிம் கிட் சியாங்கும் ஒருவர். தமிழ் ஏடுகளும் இதற்கு விலக்கில்லை. 2008 ஏப்ரலில் மக்கள் ஓசையின் உரிமம் புதுப்பிக்கப்படாமல் போய், பின்னர்தான் திரும்பக் கிடைத்தது.

கடிவாளத்தில் ஓட்டை விழுந்தது அரசின் கையாலேயே. 1990களின் நடுவில், மல்டிமீடியா பெருவழித் திட்டத்துக்கு வெளிநாட்டு முதலீட்டை வரவழைக்க, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று மகாதீர் அரசு உறுதி கொடுத்தது. அது வணிகத்துக்காகக் கொடுத்த உறுதி. 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டதும் அதே உறுதியின் நிழலில் மறுமலர்ச்சி (ரிஃபார்மாசி) இயக்கத்தின் இணையப் பக்கங்கள் முளைத்தன. வீட்டில் கணினி இருந்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் பக்கங்களை அச்செடுக்க, மற்றவர்கள் நகலெடுத்துக் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, கொண்டுபோனார்கள். இணையம் முதன்முதலில் கம்பத்துக்குள் நுழைந்தது காகிதமாகத்தான். 1999 நவம்பர் 20இல் ஸ்டீவன் கானும் பிரேமேஷ் சந்திரனும் மலேசியாகினி என்ற இணையச் செய்தித் தளத்தைத் தொடங்கினார்கள். ஒன்பது நாள் கழித்துப் பொதுத் தேர்தல்.

நம் மக்களுக்கு அந்த வழி உண்மையில் திறந்தது 2007 நவம்பர் 25இல் என்பேன். இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணிக்கு அழைப்பு குறுஞ்செய்தியாகக் கைமாறியது. கண்ணீர்ப்புகையும் பீய்ச்சியடித்த தண்ணீரும் காணொலிகளாகப் பரவின. தன் அண்ணன் மகனோ பக்கத்து வீட்டுப் பையனோ ஓடுவதைத் திரையில் பார்த்தவருக்கு, மறுநாள் ஏடு என்ன தலைப்புப் போட்டது என்பது இரண்டாம்பட்சம். அடுத்த மார்ச்சில், 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த மஇகா தலைவர் சாமிவேலு அங்கே தோற்றார். ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. இணையப் போரில் நாங்கள் தோற்றுவிட்டோம் என்று பிரதமர் அப்துல்லா படாவி அந்த மாதமே ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஜொகூர்? 2008இல் இங்கிருந்த 26 நாடாளுமன்றத் தொகுதிகளில் 25 தேசிய முன்னணிக்கே போயின. கெலாங் பாத்தாவை அந்தக் கூட்டணியின் மலேசிய சீனர் சங்கம் (மசீச) தக்கவைத்துக்கொண்டது. இணையம் அப்போதும் இங்கே இருந்தது. மேசைமேல் இருந்தது, அவ்வளவுதான். ஐந்தே ஆண்டில் அது சட்டைப்பைக்கு வந்துவிட்டது. ஊரும் மாறியிருந்தது. 1998இல் இரண்டாவது இணைப்புப் பாலம் திறந்தபின், செம்பனைக் காடாக இருந்த இடங்களில் தாமான்கள் எனும் குடியிருப்புகள் எழுந்தன. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் துவாஸுக்குப் போய் இருட்டியபின் திரும்பும் குடும்பத் தலைவனுக்கு மண்டபக் கூட்டத்துக்கு நேரமில்லை. வேலையிடத்தின் ஓய்வு நேரத்தில் முகநூல் பார்க்க நேரமிருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் நுழையத் தெரிந்த கட்சி அவனிடம் பேசிற்று.

ஆனாலும் 2013இல் ஸ்கூடாய் வட்டாரத்துத் திடல்களில் செராமா எனும் பிரசாரக் கூட்டத்துக்குத் திரண்டவர்களை மறக்க முடியாது. கைபேசியில் பார்த்ததோடு நின்றுவிடாமல் புல்தரையில் வந்து நின்றார்கள், உண்டியலில் பணம் போட்டார்கள். மேடைப் பேச்சில் வளர்ந்த இனம் நாம். பேசுகிறவனின் வியர்வையைக் கண்ணால் பார்த்தால்தான் நமக்கு நம்பிக்கை வரும். திரை அழைத்தது, திடல் நம்ப வைத்தது. நான் ஒப்புக்கொள்ளாத பாதி இதுதான்.

அதே தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. நாற்பதாயிரம் வங்காளதேசத்தவரை விமானத்தில் இறக்கி வாக்களிக்க வைக்கிறார்கள் என்ற செய்தி நாடெங்கும் பறந்தது. அந்த எண் கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அதை நம்பி வாக்குச்சாவடியில் அந்நிய முகம் தேடியவர்கள் உண்டு. கறுத்த தோலுடைய நமக்கு அது எத்தனை ஆபத்தான தேடல் என்பதை அன்று நம்மில் பலர் யோசிக்கவில்லை. நம் பக்கத்துக்குச் சாதகமான பொய் என்பதால் கண்ணை மூடிக்கொண்டோம். இதை இப்போதாவது சொல்லியாக வேண்டும்.

2018 மே 9 புதன்கிழமை. வேலை நாளில் தேர்தல் என்று அறிவித்ததும், ஊர் திரும்பக் காசில்லாதவருக்கு முன்பின் தெரியாதவர் காரில் இடம் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து தாமதமாக அனுப்பப்பட்ட அஞ்சல் வாக்குகளைப் பயணிகள் கையிலேயே சுமந்து வந்தார்கள். எல்லாம் சமூக ஊடகத்தில் கோத்த சரடு. நாடு முழுக்க 82 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். இணையம் நம் அரசியலுக்குச் செய்த மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால், எந்தத் தலைவரின் காணொலியையும் சொல்லமாட்டேன். இந்தக் கார் இருக்கையைத்தான் சொல்வேன்.

நான்கு ஆண்டு கழித்து, 2022 மார்ச் 12இல் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல். பதினெட்டு வயதினர் முதல்முறையாக வாக்களித்த தேர்தல் அது. பதிவும் தானாகவே நடந்துவிட்டது. ஒவ்வொரு கையிலும் கைபேசி. வாக்களித்தவர்களோ 55 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பெருந்தொற்றின் எல்லைக் கட்டுப்பாடு, தேர்தல் இல்லாமலே நடந்த ஷெராட்டன் ஆட்சிமாற்றம் விட்டுச்சென்ற கசப்பு, பதிவே செய்யாதிருந்தவர்களும் பட்டியலில் சேர்ந்தது என்று காரணங்கள் பல. ஆனால் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற பழக்கம், பார்த்தாலே பங்கெடுத்துவிட்டதாக ஒரு நிறைவைத் தந்துவிடுகிறது என்ற கவலை எனக்கு உண்டு. அந்த நவம்பரில் பொதுத் தேர்தல் முடிந்த கையோடு, இனக்கலவரம் வெடித்த 1969 மே 13ஐ நினைவூட்டி மிரட்டும் காணொலிகள் டிக்டாக்கில் வந்தன. அவற்றைப் பதிவேற்றியவர்களில் சிலருக்கு அந்த நாளைக் கண்ட தாத்தாகூட வீட்டில் இருந்திருக்கமாட்டார்.

தேர்தல் குற்றங்கள் சட்டம் 1954ஆம் ஆண்டினது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. தேர்தல் சுவரொட்டியோ துண்டறிக்கையோ அச்சிட்டால், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதன் முகத்திலேயே இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் ஓரத்தில் கிடக்கும், யாரும் வாசிப்பதில்லை. ஆனாலும் அது இருந்தவரை, சொன்ன சொல்லுக்கு ஓர் ஆள் இருந்தார். இன்று என் குடும்பக் குழுவில் வந்து விழும் காணொலிக்கு அப்படி ஓரம் கிடையாது. காசு கொடுத்தது யார், எடுத்தது யார், எதற்காக இந்த வாரம் வந்தது, ஒன்றும் தெரியாது. அனுப்பியவர் சித்தப்பா என்பதால் நம்பிவிடுகிறோம்.

எண்பது இலட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகத் தளங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 சனவரியில் இங்கே நடைமுறைக்கு வந்தது. 1984இன் உரிமச் சீட்டு மறுபடியும் மேசைக்கு வந்திருக்கிறது. எந்த வாயைத் திறக்கலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் எந்த அரசின் கையில் இருந்தாலும், 1987இல் மூன்று ஏடுகளுக்கு நேர்ந்ததை மறந்துவிட்டு என்னால் அதை வரவேற்க முடியாது. கட்சிகளிடம் கேட்க வேண்டியது வேறு: காசு கொடுத்துப் பரப்பும் ஒவ்வொரு காணொலியின் ஓரத்திலும் ஒரு பெயர், ஒரு முகவரி. கெலாங் பாத்தா இப்போது தொகுதிப் பட்டியலில் இஸ்கண்டார் புத்ரி. அடுத்த தேர்தலுக்கு அங்கே வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.