கழுத்துச் சிவந்த ஓணான்

பெருங்களத்தூரில் வீட்டு மனைகளுக்கு நடுவே இன்னும் வேலியும் புதரும் மிச்சமிருக்கின்றன, ஓணானுக்குப் பஞ்சமில்லை. அதைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, அட்டைப்பெட்டியில் வளர்க்கும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது ஆணா, பெண்ணா?" என்பதே. நல்ல கேள்விதான். ஆனால் பெட்டிக்குள் அதற்கு விடை கிடைப்பது அரிது என்பேன்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச்செவேலென்று சிவக்கின்றன. வேலிக் கம்பின் உச்சியில் நின்று, தண்டால் எடுப்பதுபோல் உடலை உயர்த்தித் தாழ்த்துகிறது. மற்ற ஆண்களுக்கு அது எச்சரிக்கை, பெண்ணுக்கு அழைப்பு. மிரண்டால் இந்தச் சிவப்பு மங்கிவிடும். பருவம் முடிந்தாலோ ஆணும் பெண்ணைப்போல் பழுப்புதான். ஆகவே சிவந்தது ஆண் எனலாம். சிவக்காததெல்லாம் பெண் என்று சொல்லிவிட முடியாது. (கணிதத் தேர்விலும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்!) வளர்ந்த ஆணுக்கு வாலின் அடிப்பாகம் தடித்திருக்கும், இனப்பெருக்க உறுப்புகள் அங்கே உள்ளடங்கியிருப்பதே காரணம். குஞ்சுகளில் இதுவும் புலப்படாது.

இந்தச் சிவப்பைக் கண்டுதான், 'ரத்தம் உறிஞ்சுகிறது' என்று சிறுவர்கள் கல்லெறிகிறார்கள். துணை தேடும் ஒரு பிராணிக்கு நாம் தரும் தண்டனை இது! உண்மையில் அது தின்பது பூச்சிகளை.

பிடிக்காமலே பால் அறிய வேண்டுமா? இரவில் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும் பல்லியை அறைக்குள்ளிருந்து பாருங்கள். தொடைகளின் அடியில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஆண். வயிற்றுத் தோலினூடே இரு வெண்ணிற முட்டைகள் தெரிந்தால் சந்தேகமே இல்லை, பெண்.

ஓணான் முட்டையில் பால் எப்படித் தீர்மானமாகிறது என்பது இன்னும் விந்தை. வெப்பநிலை முட்டையின் பாலை மாற்றுகிறது என்பதை, ஓணானுக்கு உறவான ஆப்பிரிக்க அகாமாவில் 1966-இல் மதலேன் ஷார்னியே என்ற பெண் விஞ்ஞானி கண்டார். நம் ஓணான் இன்னும் ஒருபடி மேல். தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, வெப்பம் ஏற ஏற முதலில் பெண், பிறகு ஆண், மீண்டும் பெண், மீண்டும் ஆண் என மாறி மாறிக் குஞ்சுகள் பிறக்கின்றன. இயற்பியல் ஆசிரியனான எனக்கு இதைப் படித்தபோது, ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வேலியோரம் போகலாம் போலிருந்தது.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து, பிடித்த அதே வேலியில் விடுங்கள். பத்தடி தள்ளி நின்று, காலை வெயில் ஏறும் நேரத்தில் ஒரு வாரம் கவனியுங்கள். தண்டால் எடுக்கிறதா, எந்தக் கம்பில், எத்தனை மணிக்கு என்று நோட்டில் குறியுங்கள்.