ஒரு சீ.ஆர். கொப்பியும் நாங்கள் மறந்த தேர்தலும்

2025 மே மாதம். உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஊருக்குப் போய் வாக்குப் போட்டுவிட்டு, விரலில் மை அழியாமலே நாலு பேரும் ரூமுக்குத் திரும்பியிருந்தோம். தேத்தண்ணி குடிக்கேக்க ஒருத்தி கேட்டாள்: "இந்தத் தேர்தல் 2023லயே நடக்க இருந்ததெல்லோ? ஏனடி நடக்கேல்லை?"

ஒருத்தி "கொரோனா" எண்டாள். இன்னொருத்தி "கோட்டா ஓடினதால" எண்டாள். நான் "கோர்ட்ல ஏதோ வழக்கு" எண்டு இழுத்தேன். நாலு பேரும் கலைப்பீடம். இரண்டு பேர் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறோம். அந்த நேரம் வந்த செய்திகளை வாசித்து, ஷெயார் பண்ணி, கோபப்பட்டும் இருக்கிறோம். ஆனால் இரண்டே வருஷத்தில் ஒரு முழு வசனம் சொல்ல வரேல்லை.

அன்றிரவு தேடிப் பிடித்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். 2018 பெப்ரவரி 10, தேர்தல். பதவிக்காலம் நாலு வருஷம், பிறகு ஒரு வருஷ நீடிப்பு. 2023 மார்ச் 9, அடுத்த தேர்தலுக்குக் குறித்த திகதி. வேட்புமனுவும் ஏற்றாச்சு, ஆனால் நிதி இல்லை எண்டு தேர்தல் நடக்கவில்லை. அதே மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2024 ஆகஸ்ட் 22, தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 2025 மே 6, வாக்களிப்பு.

இதுதான் என்ட கொப்பியின் முதல் பக்கம். அதுக்குப் பிறகு, உள்ளூர் அரசியல், சமூக நீதி பற்றி வாசிக்கிற ஒவ்வொரு கட்டுரைக்கும் நாலைந்து வரி எழுதுகிறேன். என்ன திகதி, எந்தப் பத்திரிகை, ஆர் எழுதினது, அதில் ஆர் பேசுகினம், என்ன வாக்குறுதி. கடைசியாக ஒரு கேள்வி: இதில் ஆற்ற குரல் இல்லை?

"லிங்கை சேவ் பண்ணினால் போதாதா?" எண்டு கேட்பீர்கள். என்ட போனில் சேவ் பண்ணின லிங்க் நூற்றுக்கணக்கில் கிடக்குது. ஒன்றையும் நான் திரும்பத் திறக்கவில்லை. சிலது இப்ப திறக்கிறதும் இல்லை. சேவ் பண்ணினால், வாசித்துவிட்டோம் எண்ட நிம்மதி வருது, அவ்வளவுதான். கையால் நாலு வரி எழுத வேணுமெண்டால் கட்டுரை உண்மையில் என்ன சொல்லுது எண்டு விளங்கியிருக்க வேணும்.

கொப்பியின் இரண்டாவது தலைப்பு தோட்டத் தொழிலாளர் சம்பளம். அதைத் தொடங்கினது நான், நிரப்பினது என்ட ரூம்மேட். அவளின் ஊர் ஹட்டன் பக்கம். சம்பளம் பற்றிய ஒரு கட்டுரையை "புதுச் செய்தி" எண்டு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். "இது ஒனக்குப் புதுசு. ஆயிரம் ரூபா கதையக் கேட்டுக்கிட்டேதான் நான் ஸ்கூல் முடிச்சேன்."

அவள் சொன்ன பிறகு கம்பஸ் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. 2019 ஜனவரியில் 700. 2020 ஜனவரியில், வாற மார்ச்சிலிருந்து 1000 எண்டு அறிவிப்பு. 2021 மார்ச்சில்தான் 900 சம்பளம், 100 கொடுப்பனவு எண்டு வர்த்தமானியில் வந்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கினது. 2024 மே தினத்தை ஒட்டி 1700 எண்ட அறிவிப்பு, பிறகு நீதிமன்றம், செப்டெம்பரில் 1350.

தனித்தனியாக வாசித்தால் இதில் ஒவ்வொன்றும் ஒரு "வெற்றிச் செய்தி". ஒரே பக்கத்தில் வரிசையாகப் பார்த்தால், பல வருஷம் கேட்ட ஆயிரம் ரூபா கைக்கு வந்து அடுத்த வருஷமே அதன் பெறுமதி கரைந்துபோனது தெரியும். எந்தத் தலைப்புச் செய்தியும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

இதைவிட என்னை உலுக்கினது இன்னொரு பக்கம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த ஒரு ஏற்பாட்டால், தோட்டக் குடியிருப்புகளின் வேலைகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவழிப்பதற்குத் தடை இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம், ஆனால் அந்தச் சபை அவர்களின் லயத்துப் பாதையைத் திருத்துவதெண்டால் சட்டச் சிக்கல். 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இதைக் கொப்பியில் எழுதிவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பினேன். 2023 மார்ச்சில் சபைகளே இல்லை. முப்பது வருஷம் மூடியிருந்த கதவு திறந்து ஐந்து வருஷத்துக்குள்ள, உள்ளே தெரிவு செய்யப்பட்ட ஒருத்தரும் இல்லை. "தேர்தல் ஒத்திவைப்பு" எங்கள் எல்லாருக்கும் ஒரே அளவு நட்டம் எண்டுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

நான் சொல்ல வாறது இதுதான். ஒரு கட்டுரை தகவல் தரும். திகதி போட்டு இரண்டைப் பக்கத்தில் வைத்தால்தான், அந்த இரண்டிலும் இல்லாத ஒன்று தெரியும்.

எழுத எழுத மொழியும் பிடிபடும். எங்கள் செய்திகளில் "நடவடிக்கை எடுக்கப்படும்", "பரிசீலிக்கப்பட்டு வருகிறது", "விரைவில் வழங்கப்படும்" எண்டு எவ்வளவு வருது தெரியுமா? ஆர் எடுப்பார்? எப்ப? அந்த வசனத்தில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. இப்ப அப்படி ஒன்று வந்தால் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, மூன்று மாதத்துக்குப் பிறகு திரும்பிப் பார்ப்பேன். அனேகமாக அந்த இடத்தில் எழுத எதுவும் இருக்காது.

ஆனால் கொப்பி என்னையும் காட்டிக்கொடுத்தது. "ஆற்ற குரல் இல்லை?" எண்ட கேள்விக்குக் கீழே, சம்பளக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப ஒரே பதில்: கொழுந்து பறிக்கிற பெண்கள். அமைச்சர் பேசுவார், தொழிற்சங்கத் தலைவர் பேசுவார், கம்பனி பேசும். பெண்கள் படத்தில் மட்டும் இருப்பார்கள். இதை எழுதிவிட்டுப் பெருமையாக இருந்தேன். ரூம்மேட் கொப்பியை வாங்கி முழுசாகப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "எங்க ஊரப் பத்தி இவ்வளவு எழுதியிருக்க. யாழ்ப்பாணத்துச் சாதி பத்தி ஏன் ஒண்ணுமே இல்ல?"

நான் யாழ்ப்பாணம். அந்த விஷயத்தில் ஒரு பதிவும் இல்லைத்தான். ஊரில் பிரச்சினை இல்லை எண்டு சொல்ல என்னால் முடியாது. கோயில் தேர் வடத்தை ஆர் பிடிக்கலாம் எண்டதிலிருந்து கலியாணப் பேச்சு வரைக்கும் பார்த்துத்தான் வளர்ந்தேன். எனக்கு நோகாத அநீதியைத் தேடித் தேடிப் பதிவு செய்திருக்கிறேன். நான் நன்மை அடையிற அநீதியைக் கவனமாகத் தவிர்த்திருக்கிறேன். இதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லியிருக்காது. வெறும் பக்கம்தான் சொன்னது.

கொப்பி எழுதினால் ஒருத்தருக்கும் சம்பளம் கூடப் போறதில்லை. இதை ஒரு போராட்டம் எண்டு நான் சொல்லவும் இல்லை. தெருவில் இறங்கினவர்கள் செய்கிற வேலைக்கு இது ஈடாகாது. ஆனால் அரசியல்வாதிகள் எங்கட கோபத்துக்குப் பயப்படுகிறதாகத் தெரியவில்லை. ரெண்டு கிழமையில் அது அடங்கும் எண்டு அவர்களுக்குத் தெரியும். திகதியோடு கேள்வி கேட்கிற ஆளிடம் அப்படித் தப்ப ஏலாது. அடுத்த தேர்தலுக்கு வாசலில் வந்து நோட்டீஸ் தருகிறவரிடம், "போன முறை இந்தத் திகதியில இப்படிச் சொன்னீங்களே?" எண்டு கேட்க எனக்கு ஒரு பக்கம் இருக்கு.

நீங்களும் தொடங்குங்கோ. எல்லாத்தையும் எழுத வேண்டாம், ஒரு கிழமைக்குள்ள களைத்துவிடுவீர்கள். ஒரேயொரு விஷயம் எடுங்கோ: உங்கட ஊர்ப் பாதை, காணி, தண்ணி, பஸ். திகதியை மட்டும் விடாதீங்கோ. நிரம்பினதும் உங்களைப் போல இல்லாத ஒருத்தரிடம் வாசிக்கக் குடுங்கோ.

என்ட கொப்பியில் புதுத் தலைப்பு ஒன்று போட்டாச்சு: "சாதி, எங்கட ஊர்." கீழே இன்னும் ஒரு வரியும் இல்லை. அம்மாவிடமிருந்து தொடங்க வேணும் எண்டு நினைக்கிறேன்.