கொலஸ்ட்ரால் மட்டும்தான் குற்றவாளியா?

"கொலஸ்ட்ரால் நார்மல்தான் சார், கவலைப்படாதீங்க!"

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வெளியே வருகிற எத்தனையோ பேர் இந்த ஒரு வரியில் நிம்மதியாகி விடுகிறார்கள். நேராக டீக்கடை, ஒரு டீ, ஒரு சிகரெட். ரத்தக்குழாய் என்பது வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி, கொழுப்பு அதில் படியும் அழுக்கு, அழுக்கு இல்லையென்றால் அடைப்பும் இல்லை... இதுதான் பல காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை. இது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

அந்த மீதிப் பாதியின் பெயர் அழற்சி.

ரத்தக்குழாய் உயிருள்ள ஒன்று. அதன் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிய வைக்கிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் அந்தச் சுவருக்குள் நுழைந்து மாற்றம் அடைந்ததும், உடம்பு அதை எதிரியாகப் பார்க்கிறது. வெள்ளை அணுக்கள் ஓடி வந்து அதை விழுங்குகின்றன. விழுங்கிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. சைட்டோகைன் என்னும் ரசாயனத் தூதர்களை அனுப்புகின்றன. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் என்பவை அவற்றில் முக்கியமானவை. தூது கேட்டு இன்னும் அணுக்கள் வருகின்றன. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, குழாய் விரிய மறுக்கிறது, இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கொழுப்புப் படிவின் மேல்மூடியும் அரிக்கப்பட்டு ஒருநாள் கிழிகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்தால் ஹார்ட் அட்டாக்! இது போதாதென்று, டிஎன்எஃப் போன்றவை இதயத் தசை சுருங்கும் வலுவையும் குறைக்கின்றன.

"இதெல்லாம் ஆய்வுக்கூடக் கதை, நிரூபணம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் 2017-ல் வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் கூடுதலாக இருந்த 10,061 பேரிடம் நடந்த சோதனை அது. பெயர் கேன்டோஸ். இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் ஊசி போடப்பட்டது. எல்டிஎல் குறையவே இல்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கொழுப்பைத் தொடாமலே இதயத்தைக் காக்க முடிந்தது என்றால், கொழுப்பு மட்டும்தான் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது?

இனி வரவு செலவைப் பார்ப்போம். அந்த ஊசி அமெரிக்காவில் அப்போது ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டாலர்! தொற்றுநோயால் இறந்தவர்கள் எண்ணிக்கையும் சற்றுக் கூடியது, மொத்த மரணங்கள் குறையவில்லை. 2018-ல் இதய நோய்க்கு அதை அனுமதிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுத்தது.

அதே நேரத்தில் ஒரு பழைய, மலிவான மாத்திரை மூலையில் கிடந்தது. யூரிக் ஆசிட் மூட்டுவலிக்குத் தரும் கால்சிசின். கனடாவின் அரசு நிதியும் நன்கொடையும் கொண்டு நடந்த கோல்காட் சோதனையில் (2019) தினம் 0.5 மில்லிகிராம் ஆபத்தை 23 சதவீதம் குறைத்தது. லோடோகோ-2 சோதனையில் (2020) 31 சதவீதம். 2023-ல் அமெரிக்கா இதய நோய்க்கு அனுமதியும் கொடுத்தது. 7,062 பேரிடம் நடந்து 2024-ல் வெளிவந்த இன்னொரு பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அப்படியென்றால் இன்னும் சோதனைகள் வேண்டும். யார் செலவு செய்வார்கள்? காப்புரிமை முடிந்த மாத்திரையில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? லாபம் இல்லாத இடத்தில் விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லாத நோய்க்காரணம் மக்கள் காதுக்கு வருவதில்லை. பொதுப் பணம் இறங்க வேண்டிய இடம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கால்சிசின் நம்ம ஊர் செங்காந்தள் விதையில் இருக்கிறது. ஆமாம், தமிழ்நாட்டின் மாநில மலர்! திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் விவசாயிகள் பயிரிட்டு விற்கும் அதே விதைதான். அதற்காக விதையையோ கிழங்கையோ யாரும் அரைத்துக் குடித்துவிடக் கூடாது. அது கொடிய விஷம், உயிரையே எடுத்துவிடும்.

"அப்போ கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாமா?" கூடவே கூடாது! அந்த ஸ்டாட்டின் மாத்திரை கொழுப்பையும் குறைக்கிறது, சிஆர்பியையும் குறைக்கிறது. அழற்சிதானே என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் ஆபத்து. டைக்ளோஃபெனாக் போன்றவை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டக் கூடியவை. அழற்சியைக் கண்மூடித்தனமாக அடக்குவதும் தீர்வில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை அதிக அளவில் கொடுத்தபோது நிலைமை மோசமானதே தவிர முன்னேறவில்லை.

பைசா செலவில்லாமல் செய்யக் கூடியவை இருக்கின்றன. சிகரெட்டை விடுவது, தொப்பையைக் குறைப்பது, தினம் நடப்பது. எல்லாமே அழற்சியைத் தணிப்பவை. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு என்பதை அவர்களிடம் யாராவது சொல்கிறார்களா?

நுண்ணளவு சிஆர்பி சாதாரண ரத்தப் பரிசோதனைதான். 1-க்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு, 3-க்கு மேலே போனால் அதிகம். காய்ச்சல், சளி இருந்தாலும் ஏறும் என்பதால் உடம்பு சரியான பிறகு மறுபடி பார்க்க வேண்டும். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது இதற்கும் கொடுக்க வேண்டாமா?

அடுத்த முறை யாராவது "எல்லாம் நார்மல்" என்று சொன்னால், "எதெல்லாம் பார்த்தீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு கிடையாது!