உறங்குவோரைக் கடியாதீர்!



சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு காலைத் திருப்பலியில் நாம் மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் வரிசையில் ஒருவர் தலைகவிழ்ந்து உறங்கக் கண்டோம். ஆண்டவருக்காக ஒரு மணி நேரம் விழித்திருக்க இயலாதவர்களும் நம்மிடையே உளர் என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துரைத்தோம். அவர் திடுக்கிட்டு விழித்து, நாணித் தலைகுனிந்தார். நூற்பாலையில் இரவுப் பணி முடித்து, வீட்டுக்கும் செல்லாமல் நேரே கோவிலுக்கு வந்தவர் அவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. நாமே அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

அன்றிரவு அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் நம் நெஞ்சைத் தொட்டது. ஈசபேல் அரசிக்கு அஞ்சி ஓடிய எலியா, பாலைநிலத்தில் சூரைச் செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்துறங்கினார். வானதூதர் அவரைக் கடியவில்லை. எழுப்பி, அப்பமும் தண்ணீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார். அதன் பிறகே நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடையும் வலிமை இறைவாக்கினருக்கு வாய்த்தது.

நம் துறவியரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். உழைப்பைப் பெரிதும் போற்றிய புனித ஆசீர்வாதப்பர், 6ஆம் நூற்றாண்டில் எழுதிய சட்டநூலின் 48ஆம் அதிகாரத்தில், கோடைக்காலங்களில் நண்பகல் உணவுக்குப்பின் துறவியர் படுத்து இளைப்பாற இடமளித்தார். வாசிக்க விரும்புவோர் பிறர் ஓய்வு கெடாதபடி வாசிக்க வேண்டும் என்றும் விதித்தார்.

இன்றைய அறிவியலும் இதற்குச் சான்று பகர்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து சோர்வூட்டுகிறது. காப்பி அச்சோர்வைச் சற்று நேரம் மறைக்கும். உறக்கமே அதைத் தீர்க்கும். 1994இல் நாசா நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், நெடுந்தொலைவு விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு அளிக்கப்பட்டது. அவர்கள் சராசரியாக 26 நிமிடம் உறங்கினர். ஓய்வு பெறாதோரைவிட, பயணத்தின் இறுதிக் கட்டத்தில் இவர்களே விழிப்புடன் செயல்பட்டனர்.

ஆயினும் பகலுறக்கத்துக்கு அளவு வேண்டும். இருபது நிமிடம் போதும். பிற்பகல் மூன்று மணிக்குள் முடிவது நலம். அரைமணிக்கு மேல் நீண்டால் எழும்போது மந்தம் மிகும். மாலையில் உறங்கினால் இரவுத் தூக்கம் கெடும். பகலுறக்கம் இரவுறக்கத்துக்கு ஈடாகாது. பெரியோருக்கு ஏழு மணி நேரமேனும், பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் தேவை. தேர்வுக்காக இரவெல்லாம் விழிக்கும் மாணவச் செல்வங்களே, படித்ததை நினைவில் நிலைக்கச் செய்வது உறக்கம் என்பதை மறவாதீர்.

பெற்றோரே, உங்கள் இல்லத்தில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவர் யார்? பெரும்பாலும் தாயே. நண்பகலில் அவர் சற்றே கண்ணயர்ந்தால் அதைச் சோம்பல் என்னாதீர். அவ்வேளையில் அடுப்பங்கரை வேலையை மற்றவர் ஏற்றுக்கொள்ளுங்கள். நம் ஆண்டவரும் களைத்துப் படகில் தலையணை வைத்து உறங்கியவரே.

அந்த நூற்பாலை அன்பர் மீண்டும் கோவிலுக்கு வருகிறார். சில ஞாயிறுகளில் இன்றும் கண்ணயர்கிறார். அப்போது நாம் மறையுரையைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறோம்.